மூன்று தவளைகளுக்காக ஒரு ஜெபம்

"கண்ணை மூடுவோம்" என்று ரோஸ்லெட் அக்கா சொன்னதும் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த எல்லாரும் மூடினார்கள், எப்சிபாவும் மூடினாள், மூடினதும் அவள் மனசுக்குள் ஆண்டவர் வரவில்லை, தவளைகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டியின் கொக்கிதான் வந்தது. மாட்டினோமா, மாட்டலையா. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்தது ஞாபகம் இருக்கிறது, சோப்புப் போடாமல் வெறும் வெந்நீரில் கழுவினது ஞாபகம் இருக்கிறது, குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகட்டும் என்று முந்தின நாளே பிடித்து வாய் திறந்து வைத்திருந்த வாளியிலிருந்து ஊற்றினதும், இலைகளுக்குப் புகைபோலத் தெளித்ததும், கதவைச் சாத்தினதும் ஞாபகம் இருக்கிறது. கொக்கியிடம் கை போகும்போதுதான் மகள் ஜெனிட்டா பூப்போட்ட போர்வையோடு பின்னால் வந்து நின்றாள். "அம்மா, ஜெபத்துக்கு ஆளுவ வாராவ. இதையாவது மேல போட்டு மூடுதேன்." "மூடுனா உள்ள புழுங்கும்ட்டி." "கொஞ்ச நேரத்துல ஒண்ணும் செத்துராது." "போர்வையில சோப்புத்தூள் வாடை இருக்கு." "யம்மா, என் பிள்ளைக்குக்கூட நீங்க இவ்வளவு பாக்கல." அந்தப் பேச்சில் கொக்கி கைநழுவிப் போயிற்று. போர்வையை மகள் போட்டாள், தாய் எடுத்தாள், மறுபடி போட்டாள், மறுபடி எடுத்து மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இப்போதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் இந்த மாடிவீட்டுக்கு வந்த நாளிலிருந்து மகளிடம் எதையும் அவள் இப்படிப் பிடுங்கினதில்லை. மனசு ஓரமாகக் கொஞ்சம் வெட்கமும், அந்த வெட்கத்துக்குப் பக்கத்திலேயே, சொல்லக் கூடாது, கொஞ்சம் ருசியும் இருந்தது.

"ஸ்தோத்திரம் தகப்பனே, இந்த உபவாச நாளுக்காக ஸ்தோத்திரம், இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம்" என்று ரோஸ்லெட் அக்கா மெள்ள ஆரம்பித்தாள். அவளுடைய ஜெபம் ரயில்வண்டி மாதிரி, ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது தெரியாது, வேகம் பிடித்தபிறகு யாரும் இறங்க முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீடு. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பெண்கள் கூடுவார்கள். பாட்டு, வசனம், பிறகு ரோஸ்லெட் அக்காவின் பெரிய ஜெபம், பிறகு வீட்டுக்காரியின் சின்ன ஜெபம், ஆமென், கஞ்சி. இந்தக் குழுவில் ஒருத்தியின் குறையை இன்னொருத்தி முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள். அது அநாகரிகம். ஆண்டவரிடம் சொல்வாள், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. விமலா டீச்சர் பட்டணத்தில் போய் முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்த வாரம், கூந்தல் என்ற வார்த்தையே வராமல் கூந்தலைப்பற்றி அரைமணி நேரம் ஜெபம் நடந்தது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. ஜெபத்தில் சொன்னதற்கு எதிர்ப்பேச்சுக் கிடையாது, நடுவில் எழுந்து போகவும் கூடாது, முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும். தன்மேல் விழுந்த அடிக்குத் தானே ஆமென். எப்சிபாவுக்கு இதுவரைக்கும் அப்படி ஒன்று விழுந்ததில்லை. அவளிடம் குறை சொல்ல என்ன இருந்தது, அதிர்ந்து பேசமாட்டாள், நகை போடமாட்டாள், யார் வீட்டில் துக்கமென்றாலும் முதலில் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். "தகப்பனே, இந்த வீட்டிலே இருக்கிற அசுத்தமானதைப் பாரும்" என்று ரோஸ்லெட் அக்கா சொன்னாள். வந்துவிட்டது. எப்சிபாவுக்குக் காது இரண்டும் சூடாயின. அசுத்தமா, வாரத்துக்கு ஒருதரம் பாசியை மாற்றி, தினமும் கழிவைப் பஞ்சால் துடைத்து, இந்தக் கூடத்தில் அதைவிடச் சுத்தமான இடம் எது இருக்கிறது, உங்கள் கைப்பையைத் திறந்து கொட்டிப் பார்க்கலாமா அக்கா. சீ. ஜெபத்தில் உட்கார்ந்து இப்படி நினைக்கலாமா. நினைத்தாயிற்று.

தவளைகளில் மேனேஜர் இப்போது மேல்மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தூங்குவான். பெரியவன் அவன், பச்சை உடம்பு, மெழுகு பூசின மாதிரித் தோல், கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற சதை, யார் வந்து கேட்டாலும் நாளைக்கு வா என்று சொல்கிற பேங்க் மேனேஜர் முகம். இரண்டாவது, தூங்குமூஞ்சி என்று பேர், மரக்குச்சியின் அடியில் கிடப்பான். சின்னவள் எங்கே இருப்பாள் என்று சொல்ல முடியாது, அவள் போக்கே தனி. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை என்று மகன் ஆல்பின்தான் போனில் பெயரைத் தேடிச் சொன்னான். அவன் தோஹாவில் இருக்கிறான். பிறந்தநாளுக்கு என்ன வேணும்மா, சேலையா என்று கேட்டபோது, "எனக்கு ரெண்டு தவளை வேணும்ப்பா" என்று அவள் சொல்ல, "வயல்ல கிடக்குதேம்மா" என்றான். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மாப்பிள்ளையும் சொன்னார், மழைக்காலத்தில் எங்க ஊருக்கு வாங்க அத்தை, சாக்கில் கட்டித் தாரேன் என்று. வயலில் கிடக்கிறது வயலுக்கு உள்ளது. அதைப் பிடித்துக் கண்ணாடிக்குள் போட நான் யார். பெட்டிக்குள் பிறந்து பெட்டிக்குள் வளர்ந்ததுதான் வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டவுனில் வளர்ப்புமீன் கடைக்காரன் ஒருவன் வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினபோது அவளுக்கே தெரிந்தது. உள்ளே இருந்தது ஏதோ காட்டுத் தவளை, டப்பாவில் முட்டி முட்டி மூக்கு நுனி ரத்தக்காயமாக இருந்தது. "இது எங்க பொறந்தது தம்பி?" என்று கேட்டாள். "தவளைக்கு என்னம்மா, பர்த் சர்டிபிகேட்டா கேக்கீங்க" என்று அவனும் கடைப்பையனும் சிரித்தார்கள். அந்த மூக்கை நினைத்து அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே போகத் தெரிந்த உயிர் அது. வெளி என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஆல்பின் யார் யாரையோ விசாரித்துக் கோழிக்கோட்டில் அஷ்ரபைக் கண்டுபிடித்தான். அந்த மனிதன் தன் வீட்டு மாடியில் மழைப்பெட்டி வைத்திருக்கிறான், உள்ளே குழாயால் மழை பெய்யவைத்தால்தான் அதுகள் ஜோடி சேருமாம், முட்டையிடுமாம். வாங்க வந்தவளுக்கு உடனே கொடுத்தானா என்றால் இல்லை. போனில் கேள்வியாகக் கேட்டான், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், கொசுமருந்து அடிப்பீர்களா, ஊதுவத்தி உண்டா, பூனை உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். ஜெனிட்டாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை. அவர்கள் பாத்ரூமை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "சேச்சி, முதலில் சுவர்க்கோழி வளர்த்திக் காண்பிங்க, அதுதான் இதுக்குத் தீனி. பூச்சி வளர்க்கத் தெரியாத ஆளுக்கு நான் தவளை தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். முட்டை அட்டைகளை அடுக்கி, தவிடும் காரட்டும் போட்டு, பின்பக்க பால்கனியில் சுவர்க்கோழி வளர்த்தாள், தவளை இல்லாமலேயே, ஒரு மழைக்காலம் முழுக்க. பக்கத்துவீட்டுக்காரர்கள் கிரீச் கிரீச் என்று என்ன சத்தம் என்று கேட்டார்கள். அவள் உபவாசம் இருக்கிற வெள்ளிக்கிழமை தவளைகளுக்கும் உபவாசம் என்று பிற்பாடு அஷ்ரபிடம் பயந்து பயந்து சொன்னபோது அவன் போனிலேயே சிரித்தான், நல்லது சேச்சி, தினமும் தின்றால் கொழுப்பு கட்டிச் செத்துப்போகும், உங்க சாமி சரியாத்தான் சொல்லியிருக்கார் என்றான். ஆல்பின் லீவில் வந்தபோது அவனும் அவளுமாகப் போய் வாங்கிவந்தார்கள். கொடுப்பதற்குமுன் அஷ்ரப் தாய்த் தவளையையும் தகப்பனையும் கொண்டுவந்து காட்டினான், இதுதான் உங்க பிள்ளைகளோட அம்மா என்று. ரெண்டு கேட்டதற்கு மூன்று கொடுத்தான். கட்டைவிரல் அளவு, ஈரத் துணி விரித்த டப்பாவில். ரயிலில் வழி முழுக்க மடியில் வைத்து, அவள் ஆல்பின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாலும் டப்பாவை மட்டும் சாயவிடவில்லை. எந்த மூக்கிலும் காயம் இல்லை.

"பாசக் கட்டுகளை அறுத்துப்போடும் தகப்பனே, சொந்த மகள் வீட்டுக்குக்கூடப் போகவிடாதபடிக்கு, பேரப்பிள்ளையைத் தூக்கவிடாதபடிக்கு, ஒரு பிராணியைக்கொண்டு சத்துரு போட்டிருக்கிற கட்டு..." ரயில் சத்தம் போய், டப்பா போய், இருட்டாக இந்த வாக்கியம் மட்டும் நின்றது. சென்னையில் மகள் வீட்டுக்குப் போகவில்லை என்ற விஷயம் ரோஸ்லெட் அக்காவுக்கு எப்படித் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கால் இடிக்கிற தூரத்தில், தலையில் முக்காடு போட்டு. ஜெனிட்டா. அப்படியானால் பேசிவைத்தது. இந்த வாரம் இந்த வீட்டில்தான் ஜெபம் வைக்க வேண்டும் என்று அக்கா முறையை மாற்றிக் கேட்டதும், மகள் பிள்ளையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டுச் சொல்லாமல்கொள்ளாமல் வியாழக்கிழமை பஸ் ஏறி வந்து இறங்கினதும். மகளுக்கு வேலைக்குத் திரும்பப் போக வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அது நியாயம்தான், அதை நியாயம் இல்லை என்று அவள் சொன்னாளா. மாதத்துக்கு ஒரு வாரம் வந்து பார்த்துட்டுப் போறேன், ஆல்பினோட சிநேகிதன் தம்பி வந்து தண்ணி தெளிப்பான் என்றுதான் சொன்னாள். "ஒரு வாரமா, நீங்க என்ன விருந்தாளியா, இந்த வீட்டைப் பூட்டிட்டு வாங்கன்னு சொல்லுதேன்." "பூட்டிட்டு?" "வாடகைக்கு விட்டுக்கிடலாம். ஒத்தையில இங்க கிடந்து என்ன செய்யப்போறீய, தவளைய மேய்ச்சுக்கிட்டு?" எப்சிபா அன்றைக்குப் போனை மெதுவாக வைத்தாள். மேய்க்கத்தான் செய்கிறேன். நாற்பது பேருக்குச் சமைத்த கை இது, மாமியார் வீட்டில், கொழுந்தன்மார் கல்யாணங்களில், ஒருதரமாவது யாராவது கேட்டார்களா உனக்கு எது பிடிக்கும் என்று. கேட்கவேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை, அதுதான் உண்மை, நினைத்திருந்தால் வலித்திருக்கும். தவளை வந்தபிறகுதான் நினைத்தாள். பாசக் கட்டாம். கட்டிப் போட்டிருப்பது எது, கட்டு அவிழ்ந்ததுபோல இருக்கிறது எது என்று ஆண்டவருக்குத் தெரியாதா, அவருக்கு ரோஸ்லெட் அக்கா விளக்கிச் சொல்லவேண்டுமா.

தவளையை முதன்முதலில் அவள் ஒழுங்காகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். அவர், புருஷன் தங்கதுரை, மூச்சுக்கருவியோடு உள்ளே கிடந்தார், வெளியே வராந்தாவில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்காத டிவி. அதில் இலைமேல் ஒரு பச்சைத் தவளை. பூச்சியை வாயில் பிடித்தது, பிறகு கண்ணை இறுக்கி மூடியது. மூடினதும் கண் இரண்டும் முகத்துக்குள் அமுங்கிப்போயின, தொண்டை அசைந்தது, மறுபடி கண் மேலே வந்தது. கண்ணால் அமுக்கித்தான் அது விழுங்குகிறது என்று எழுத்து ஓடியது. அவள் நின்று வாசித்தாள். அன்றைக்கு அவளும் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள், டாக்டர் சொன்னதை, பில் கவுண்டரில் சொன்னதை, மைத்துனர்கள் சொன்னதை, கண்ணை மூடி மூடி. ஆண்டவரே, நீர் இப்படியும் ஒன்றைப் படைத்து வைத்திருக்கிறீரா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த ஒரு நொடி அவரை மறந்துபோனாள், உள்ளே கிடக்கிறவரை, அதற்காகப் பிறகு அழுதாள், ஆனால் அந்த நொடி யாரோ தலையைத் தடவிவிட்டதுபோல இருந்தது என்பதும் உண்மை. அதை யாரிடம் சொல்லமுடியும். புருஷன் சாகக் கிடக்கையில் டிவியில் தவளை பார்த்தாளாம் என்பார்கள். இப்போதும் மூடின கண்ணுக்குள் எல்லாரும் சொல்வதையும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், ஒருவேளை கண்ணைத் திறந்தால் விழுங்க வேண்டியிருக்காதோ. இந்த யோசனை வந்ததும் பயந்துபோய் இன்னும் இறுக்கி மூடினாள். தவளைகள் பதினைந்து இருபது வருசம் இருக்கும் என்று அஷ்ரப் சொல்லியிருக்கிறான். நான் இருப்பேனா. இந்தப் பயம் எப்போதும் இந்தப் பக்கமாகத்தான் வரும், சர்க்கரை மாத்திரை சாப்பிடும்போது, படியேறி மூச்சு வாங்கும்போது. எனக்கப்புறம் யார் சுவர்க்கோழிக்குக் காரட் போடுவார்கள், ஜெனிட்டா சாக்கடையில் கொட்டிவிடுவாள், வெளியே பிழைக்கத் தெரியாத உயிர்கள். ஆல்பினிடம் சொல்லியிருக்கிறாள், அஷ்ரபிடமே திருப்பிக் கொடுத்துவிடு என்று. அவன் சரி என்றான். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் இப்படி ஏற்பாடு பண்ணவில்லை. பண்ண வேண்டியிருக்கவில்லை, அதுகளுக்கு நடக்கத் தெரியும்.

"வேதத்திலே எகிப்து தேசத்தை வாதித்த அந்தப் பிராணி, தகப்பனே, படுக்கையிலும் அடுப்பிலும் ஏறின அந்தப் பிராணி, இன்றைக்கு உம்முடைய பிள்ளையின் வீட்டிலே ராஜாமாதிரி கண்ணாடி மாளிகையிலே..." விமலா டீச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா தெரியவில்லை. ரோஸ்லெட் அக்கா கெட்டவள் இல்லை. அதை நினைக்காமல் இருந்தால் சௌகரியமாக இருக்கும், ஆனால் நினைப்பு விடவில்லை. அவர் போன அன்றைக்கு முதலில் வந்தவள் இவள்தான், வந்து எதுவும் பேசாமல் எப்சிபாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், காரியம் முடிகிறவரைக்கும் தன் வீட்டுக்கே போகவில்லை, இந்த அடுப்படியில் சுக்குக்காப்பி போட்டுப் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். கடைசி நாளில் அவர் நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்தவளும் அவள்தான். அதே குப்பிதான் இன்றைக்கும். நாற்பது நாள் வைத்து ஜெபித்த எண்ணெய், வாசனைத் தைலம் கலந்தது, எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். காலையில் வந்ததும் வராததுமாகப் பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, "ஜெபம் முடியட்டும் ஏளா, அந்தப் பெட்டிக்குள்ளேயும் நாலு சொட்டு எண்ணெய விட்டு ஜெபிச்சிருவோம், இருந்தா இருக்கட்டும், ஆவி போயிரும்" என்றாள், அன்பாகத்தான் சொன்னாள், விட்டுக்கொடுத்துச் சொல்கிற மாதிரி. ஜெனிட்டா உடனே "ஆமாக்கா" என்றாள். நாலு சொட்டு. எண்ணெய் பட்ட கையால் தொடாதீங்க சேச்சி, அதன் தோல்தான் அதுக்கு வாய், தோலால்தான் தண்ணீர் குடிக்கும், பாதி மூச்சும் அதால்தான், எது பட்டாலும் உள்ளே போய்விடும் என்று அஷ்ரப் சொன்னதற்குப் பிறகு அவள் தலைக்கு எண்ணெய் வைக்கிறதையே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிவிட்டாள். சின்னவள் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் எப்போதும் உட்காருவாள். கொக்கி வேறு மாட்டவில்லை. மாட்டினோமா. குப்பி எங்கே இருக்கிறது, கைப்பை எங்கே இருக்கிறது, அக்காவின் வலது முழங்கால் பக்கத்தில், பெட்டிக்குக் கைநீட்டுகிற தூரத்தில். ஜெபம் முடிந்த கையோடு எழுந்துவிடுவாள். வேண்டாம் அக்கா என்று சொல்லவேண்டும். அந்த இரண்டு வார்த்தையை அவள் வாழ்க்கையில் யாரிடம் சொல்லியிருக்கிறாள். கையைப் பிடிக்கவேண்டும். ஜெபிக்கிற கையை. அவருடைய நெற்றியைத் தொட்ட கையை.

"...இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்." ஆமென், ஆமென், ஆமென் என்று கூடம் முழுக்க வரிசையாக வந்தது, ஜெனிட்டாவின் ஆமென் கொஞ்சம் சத்தமாக. எப்சிபாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் உதடு விரியப் பார்த்தது, அவள் விடவில்லை. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம், எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு அதுகூடவா தெரியாது. அப்படியே ஆகக் கூடாது. ஒரு ஆமென் குறைவது காதுக்குத் தெரியுமா, படியில் ஒரு படி குறைந்ததுபோலத் தெரியுமா. தெரிந்தது, ரோஸ்லெட் அக்காவின் மூச்சு ஒருகணம் நின்று காத்தது. பிறகு, "வீட்டுக்காரி ஜெபிச்சு முடிச்சிரட்டும்" என்றாள். வீட்டுக்காரியின் ஜெபம் எப்போதும் மூன்று வரிதான். வந்தவர்களுக்காக நன்றி, ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென். எல்லாருக்கும் பசி. அடுப்பில் பயற்றங்கஞ்சி பொங்கித் தணிந்த வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது, சர்ரென்று, ஆயத்தமாக. எப்சிபா கண்ணைத் திறந்தாள்.

கூடத்தில் எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. ஜெனிட்டாவின் நெற்றியில் வேர்வை, சின்னவயதில் காய்ச்சல் வந்தால் இருப்பதுபோல உதட்டைச் சுழித்துக்கொண்டிருந்தாள். விமலா டீச்சர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் கொக்கி மாட்டாமல்தான் தொங்கியது. ரோஸ்லெட் அக்காவின் கண்ணும் மூடித்தான் இருந்தது, மடியில் விரித்த கையில் குப்பி. "ஆண்டவரே" என்று எப்சிபா ஆரம்பித்தாள், அந்தக் குரல் அவளுக்கே பக்கத்துவீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது. "எனக்குப் பெரிய ஜெபம் தெரியாது. ரோஸ்லெட் அக்காவுக்காக ஸ்தோத்திரம். அவங்க எனக்குச் செஞ்சதை நான் மறக்கல, நீரும் மறக்காதேயும். அவங்க எண்ணெய்க்காக ஸ்தோத்திரம். அது மனுசருக்கு உள்ளது ஆண்டவரே. தவளைக்கு ஆகாது. அதுக்குத் தோல்லதான் தண்ணி, தோல்லதான் மூச்சு, அப்படிச் செஞ்சது நீரு, நான் செய்யல. அது மேல எண்ணெய் பட விடமாட்டேன்." யாரோ மூச்சை இழுத்தார்கள். "எகிப்துல தவளைய ஏறுன்னு சொன்னீரு, ஏறுச்சு. அடுப்புக்குள்ள போன்னீரு, போச்சு. சொன்ன சொல்லக் கேட்டது அதுதான். கேக்காம நெஞ்சக் கல்லாக்குனது அந்த ராசா, மனுசன். தவளையப் போயி ஏன் ஏசணும்." எங்கிருந்து இது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை, இத்தனை வருசம் கேட்ட பிரசங்கத்தில் யாரும் சொல்லவில்லை. ரோஸ்லெட் அக்கா கண்ணைத் திறந்தாள். கண் மூடின முகங்களுக்கு நடுவில் இரண்டு பெண்கள் மட்டும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அக்காவின் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது, வெகுநாளாக அசையாத கதவு அசைந்ததைப் பார்க்கிறவள்போல. எப்சிபா பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டும் என்று கழுத்து கேட்டது, கொடுக்கவில்லை.

"முடிச்சிருளா, கஞ்சி ஆறுது" என்று அக்கா உதட்டசைவில் சொன்னாள். அப்போதுதான் எப்சிபாவுக்கு உறைத்தது. நான் ஆமென் சொன்னால்தான் இவள் எழும்ப முடியும். ஜெபம் நடக்கும்போது யாரும் எழும்பக் கூடாது. அது இவள் வைத்த சட்டம், கூந்தல் ஜெபத்தன்றைக்கு டீச்சரை உட்காரவைத்த சட்டம். "ஜெனிட்டாவுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள், இப்போது குரல் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது. "அவளுக்கு நல்ல ஆள் கிடைக்கும்படி செய்யும், பிள்ளையப் பாத்துக்கிட. நான் போவேன், பேரனத் தூக்குவேன், திரும்பி வந்துருவேன். இது என் வீடு. பூட்டமாட்டேன்." பக்கத்தில் முக்காடு அசைந்தது, "யம்மா" என்று மூச்சுக்குள் ஒரு சொல், கெஞ்சலா கோபமா, இரண்டும்தான். எப்சிபா அந்த முழங்கால்மேல் கையை வைத்து அழுத்தினாள், கையை எடுக்காமலேயே தொடர்ந்தாள். "மேனேஜருக்காக ஸ்தோத்திரம். அவன் வயிறு ரொம்பப் பெருத்துட்டு, கொஞ்சம் குறையச் செய்யும். தூங்குமூஞ்சிக்காக. சின்னவளுக்காக, அவ கிண்ணத்துல கிடக்கா, அந்தத் தண்ணி அப்படியே இருக்கட்டும்." விமலா டீச்சர் "ஆமென்" என்றாள். முடிவு ஆமென் இல்லை அது, நடுவில் சொல்கிற ஆமென், ஒத்துக்கொள்கிற ஆமென், முகத்தில் சிரிப்பை அடக்கி அடக்கிக் கன்னம் உப்பியிருந்தது. "கோழிக்கோட்டு அஷ்ரபுக்காக ஸ்தோத்திரம். அவரு மாடியில பெய்ற மழைக்காக. அந்தத் தாய்த் தவளைக்காக, தகப்பன் தவளைக்காக. காட்டுல பிடிச்சு டப்பாவுல அடைக்கிறவங்க கைய நீரு தடுத்துப்போடும். மூக்குல காயத்தோட இருந்த அந்த ஒண்ணுக்காக, அது இப்ப எங்க இருக்கோ..." அங்கே குரல் உடைந்தது. உடைந்தாலும் நிற்கவில்லை. வயிறு இரைந்தது, யாருடைய வயிறு என்று தெரியவில்லை. கால் மரத்துப்போயிற்று. இன்னும் எவ்வளவு சொல்லமுடியும் என்று தேடிப் பார்த்தாள், உள்ளே ஏகப்பட்டது இருந்தது, இத்தனை வருசமாக மூன்று வரிக்குள் மடித்து மடித்து வைத்தது எல்லாம் அடுக்கு கலையாமல் இருந்தது.

ரோஸ்லெட் அக்கா குப்பியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள். குப்பி கைப்பைக்குள் போனது. ஜிப் மூடுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு அவள் சம்மணத்தை மாற்றி உட்கார்ந்து கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். எப்சிபா மூடவில்லை. ஆமென் சொல்லலாம், இப்போது சொன்னால் தப்பில்லை, கஞ்சிக்கு எழும்பிவிடலாம். கொஞ்சம் எச்சில் விழுங்கிக்கொண்டு, சுவர்க்கோழிகளுக்காக ஆரம்பித்தாள்.